முதல் டர்ன் சசிதரனுக்கு

கூடலூர்,
கார்த்திகை 20, வியாழக்கிழமை.

எங்கள் அக்கா சுப்புத்தாய் பெற்ற ஒரே மகளும், சென்னையில் ஐந்தாவது மாடியில் குடியிருப்பவளும், என் அன்பு மருமகளுமாகிய அனுசுயாவுக்கு, உன் தாய்மாமனும் கூடலூர் ஜீப் ஓட்டுநர் சங்கச் செயலாளருமாகிய வேல்பாண்டி, ஸ்டாண்டு அலுவலகத்தில் ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அத்தை நாகஜோதியும், மாடு இரண்டும், என் ஜீப்பும், நீ ஓட்டச் சொன்ன கம்ப்யூட்டரும் சுகம். அதேபோல் உன் சுகத்துக்கும், உன் லேப்டாப்பின் சுகத்துக்கும், நீ எப்போது பார்த்தாலும் போகிற அந்த மீட்டிங்கின் சுகத்துக்கும் சுருளி வேலப்பர் துணையிருக்கட்டும்.

போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறானே இந்த மாமன் என்று நினைக்காதே. உன் புரோகிராமை இங்கே ஓட்டும் முறையை நீ பதினான்கு படிகளாக, நம்பர் போட்டு, எழுத்தில் அனுப்பினாய். எழுத்தில் வந்ததற்கு எழுத்தில்தான் பதில் போட வேண்டும் என்பது சங்க விதி. அதுவும் போக, போனில் இரண்டாவது படியைச் சொல்லி முடிப்பதற்குள் நீ சிரிக்கத் தொடங்குகிறாய், மூன்றாவது படியில் "மாமா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அன்று திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மூச்சு வாங்கக் கூப்பிட்டு, "யாரும்மா அந்தச் சசிதரன்?" என்று கேட்டபோதும் அதைத்தான் செய்தாய். அதற்கு முன் நடந்ததும் பின் நடந்ததும் உனக்குத் தெரியாது. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. வைக்கலாம், ஆனால் எனக்குத் தெரியப் போவதில்லை.

முதலில் இருந்து வருகிறேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, இங்கே இருந்தபடியே சொந்தமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்று நீ ஆடி மாதம் சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து உன் அப்பா, என் மச்சான் கர்ணன், உன்னோடு பேசுவதில்லை. என்னோடு பேசுகிறார். ஆனால் உன்னைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். "ஏலே மாப்ள, மெட்ராஸ்ல ஏசி ரூம்ல ஓடுற சோலி இங்கன கூடலூர்ல ஓடுமா? காத்தடிச்சா கரண்டு இல்ல, மழை பேஞ்சா நெட்டு இல்ல. பொட்டியத் தூக்கிட்டு வந்து இவ என்னத்த ஓட்டப் போறா?" டீக்கடையில் இது, டயர் பஞ்சரானால் இது, என் வீட்டுக் கறிக்குழம்பில் கை வைத்துக்கொண்டும் இதே பேச்சு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஐப்பசியில் ஒருநாள் ஸ்டாண்டில் எல்லா வண்டிக்காரர்கள் முன்னாலும் வாய்விட்டுவிட்டேன். "மச்சான், என் மருமக நம்ம ஸ்டாண்டுக்கு டர்ன் போடுற புரோகிராம் எழுதித் தருவா. கார்த்திகை மொதத் திங்கக்கெழம காலைல அது இங்கன ஓடும். ஓடுச்சுன்னா அவ ஊருக்கு வரட்டும், நீங்க தடுக்கக் கூடாது. ஓடலைன்னா நானே அவகிட்டப் பேசி அங்கனயே இருக்கச் சொல்லிர்றேன்." உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "சரி" என்றார்.

டர்ன் என்றால் என்ன என்று ஜீப்புக்காரன் மகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியலில் ஸ்டாண்டுக்கு முதலில் வந்த வண்டிக்கு முதல் டர்ன். கேரளா மலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் அதில் ஏறி, அது நகர்ந்தால்தான் இரண்டாவது வண்டி நகரும். டர்ன் தாண்டினவன் மூன்று நாள் சாவியைத் தொடக் கூடாது. நோட்டில் எழுதி வைத்தால், பேனா பிடித்தவன் தன் பங்காளியை மேலே ஏற்றிவிட்டான் என்று சண்டை. கடைசி நோட்டை யாரோ டீக்கடை அடுப்பில் வைத்துவிட்டார்கள். ஆகவே உன் புரோகிராமை நம்பி உன் வாழ்க்கை மட்டும் இல்லை, எங்கள் இருபத்திரண்டு பேர் மானமும் இருந்தது.

ஜெராக்ஸ் கடை ஜெபாவிடம் சும்மா கிடந்த கம்ப்யூட்டரை ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தோம். நீ அனுப்பிய பதினான்கு படிகளையும் அவளே பிரிண்ட் எடுத்துத் தந்தாள். அவள் பிரிண்டருக்கு ஒரு வியாதி உண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி இரண்டு வரியைத் தின்றுவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

முதல் படி, புரோகிராமை நெட்டில் இருந்து இறக்கிக்கொள்ளவும் என்றாய். இங்கே போனைக் கம்பம் பக்கம் திருப்பினால் நம் டவர், குமுளி மலைப் பக்கம் திருப்பினால் கேரளா டவர். நம் டவர் அன்று படுத்துவிட்டது. போனை ஜன்னல் கம்பியில் மலையைப் பார்க்கக் கட்டித் தொங்கவிட்டேன். மலையாளத்தில் ஒரு வரவேற்பு மெசேஜ் வந்தது, முக்கால் மணி நேரத்தில் உன் புரோகிராமும் மலையிறங்கி வந்து சேர்ந்தது. மூன்றாவது படியில், புரோகிராமை ஓட்டும் சாப்ட்வேரில் பதினெட்டாம் வெர்ஷன்தான் வேண்டும், அதற்கு மேலே வேண்டாம் என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். ஜெபா நல்ல பெண், தாராள மனசு. "அண்ணே, பழசு எதுக்கு, புதுசாவே போட்டுர்றேன்" என்று இருபதைப் போட்டுவிட்டாள். கறுப்புத் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அவள் "ஏசப்பா" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நான் எழவில்லை. பழைய மாடல் ஜீப்புக்குப் புது மாடல் கிளட்ச் பிளேட்டை வாங்கி வந்து, மாட்டவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் லோயர் கேம்ப் வளைவில் நின்றவன் நான். "கழட்டும்மா, பழசையே போடு" என்றேன். போட்டாள், சிவப்பு போய்விட்டது. அன்றிலிருந்து ஜெபா என்னைச் சார் என்கிறாள், நானும் தடுக்கவில்லை.

நான்காவது படியில், புரோகிராமோடு சேர்க்க நெட்டில் இருந்து நீ கேட்டிருந்தது ஏழே ஏழு சாமான், பேக்கேஜ் என்பார்களாம். நான் விரல்விட்டு எண்ணினேன். வந்து இறங்கியதோ ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு! காதுகுத்துக்கு ஏழு பேரைக் கூப்பிட்டால் ஒவ்வொருத்தரும் தங்கள் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய கதைதான். கடைசியில், இதில் நூற்றெண்பத்தாறு பேர் நன்கொடை எதிர்பார்க்கிறார்கள் என்றும் ஒரு வரி வந்தது. சங்கத்தில் வைத்துக் கேட்டேன். சித்திரைத் திருவிழா முடியட்டும், பார்ப்போம் என்று முடிவானது. இதை அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்று புரியவில்லை, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

ஆறாவது படிதான் என்னைத் தர்மசங்கடத்தில் விட்டது. பைலின் பெயர் புள்ளியில் தொடங்குகிறதாம், ஆகையால் கண்ணுக்குத் தெரியாதாம், அதைத் தேடிப் பிடித்து அதற்குள் பாஸ்வேர்டு எழுத வேண்டுமாம், எழுதியதை யாரிடமும் சொல்லக் கூடாதாம். நோட்டு அடுப்பில் போன பிறகு சங்கத்தில் போட்ட விதி உனக்குத் தெரியாது. செயலாளருக்குத் தெரிந்த எதுவும் உறுப்பினருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. நான் என்ன செய்வேன்? பாஸ்வேர்டை ஸ்டாண்டு மைக்கில் இரண்டு தரம் வாசித்தேன். இப்போது எல்லா வண்டிக்காரர்களும், வண்டியில் போகும் பெண்களும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். தனியாக யாரிடமும் சொல்லவில்லை, அந்த வகையில் உன் பேச்சையும் மீறவில்லை.

ஒன்பதாவது படியில் நீ எழுதியிருந்த ஒற்றை வரியை அப்படியே தட்டி என்டர் போட்டேன். 'வெற்றி' என்று வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையில் பச்சைக் கலரில் 'கூடலூர் ஜீப் ஸ்டாண்டு, இன்றைய டர்ன்' என்று உன் பக்கம் விரிந்தது பார், மருமகளே, நான் பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெபா கை தட்டினாள். உன் அத்தை ஓடிப்போய்ச் சூடம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்தாள். வண்டியாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து நசுக்கலாம். இதற்கு எங்கே வைப்பது? "இதுல நகர்றது இது ஒண்ணுதான" என்று மவுசுக்கு அடியில் வைத்துவிட்டாள். என்டர் பட்டனுக்கு வைத்த குங்குமம் இன்னும் என் விரலில் ஒட்டுகிறது.

சாயங்காலம் வண்டிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். திரையின் மேலே இருந்த லோக்கல்ஹோஸ்ட் மூவாயிரம் என்ற விலாசத்தை ஆளுக்கு ஆள் தங்கள் போனில் அடித்தார்கள். ஒருவர் போனிலும் வரவில்லை. உன் அப்பா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "என்ன மாப்ள, ஓடுதுன்ன?" என்றார். நான் பதின்மூன்றாவது படியை உரக்க வாசித்தேன். இப்போதைக்கு இது இந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் தெரியும், ஓட்டிப் பார்த்துத் திருத்திய பிறகுதான் ஊருக்கெல்லாம் விடுவோம் என்று நீ எழுதியிருந்தாய். சங்கத்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "அதுதான்யா நல்லது, வீட்ல படுத்துக்கிட்டே போன்ல டர்ன் போடுற வேலை நடக்காது. எல்லாரும் இங்கன வந்து, எல்லாரு கண்ணு முன்னாடியும் போடணும்." உன் அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இனி அந்தத் திங்கட்கிழமை. விடிகிற நேரம், லேசான தூறல். கார்த்திகை பிறந்துவிட்டதால் ஐயப்ப சாமிகளின் வண்டிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நாம் ஆறு மணிக்குள் கிளம்பாவிட்டால் மலை ரோட்டில் மாட்டிக்கொள்வோம். எட்டு மணிக்குத் தோட்டத்தில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. நூற்றுச் சொச்சம் பெண்கள் தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் கோணியுமாக நின்றார்கள். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என்டரைத் தட்டி, விரலில் குங்குமத்தோடு போனார்கள். எல்லாரும் போட்டு முடித்தார்கள். திரையில் இரண்டாவது டர்ன் உன் அப்பாவுக்கு. முதல் டர்ன் சசிதரன் என்ற ஒருவருக்கு! ஞாயிற்றுக்கிழமை தலைப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அதற்குக் கீழே யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

யார் இந்தச் சசிதரன்? ஊர் சக்குப்பள்ளம் என்று போட்டிருந்தது. வண்டி கேரளா வண்டி, நம்பரில் எல்லாம் சைபர், கடைசியில் ஒரே ஒரு ஒன்று. போன் நம்பர் பத்தும் ஒன்பது. படத்தில் முகம் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு தலை மட்டும். வந்த நேரம் இரவு பன்னிரண்டு மணி. "பன்னெண்டு மணிக்கே வந்து போட்டுட்டுப் போயிருக்கான்யா, என்னா ஒரு தொழில் பக்தி" என்று நம் ஸ்டாண்டு வண்டிக்காரர் அம்மாவாசி அண்ணன் வாயைப் பிளந்தார். "நம்பரப் பாரு, எல்லாம் பேன்சி. பெரிய எடத்து ஆளா இருப்பாக போல" என்று இன்னொருவர். போன் போட்டோம், போகவில்லை. பெரிய ஆட்கள் அந்த நேரத்தில் எடுக்க மாட்டார்கள் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உனக்கும் போட்டேன், ஏழு தரம். நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

நான் உன் அப்பாவிடம் போய், "மச்சான், ஆளக் காணோம், நீங்க எடுங்க" என்றேன். ஜீப்பில் சாய்ந்து நின்றவர் அசையவில்லை. "என்ன மாப்ள பேசுற? மொத டர்ன் அவுகளுது. அவுக நகராம நான் எப்படி நகர்றது? நாளைக்குக் கேரளாக்காரக நம்ம வண்டிய வண்டிப்பெரியார்ல மறிச்சா நீ வந்து பேசுவியா? எம் பொண்ணு எழுதுனது டர்ன்னா, அந்த டர்ன்படிதான் போகணும்." அவர் சொன்னதில் எனக்கு ஒன்று மட்டும் காதில் விழுந்தது, 'எம் பொண்ணு'. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் இருந்து வந்தது. ஆனால் சந்தோஷப்பட நேரம் இல்லை. இல்லாத ஒருவருக்காக இருபத்திரண்டு வண்டி எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. ஆறு அடித்தது, ஆறே கால் ஆனது. உன் புரோகிராம் ஓடுகிறது, ஜீப் ஓடவில்லை. பந்தயத்தில் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கம்மாள் வந்தாள். தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று பேசுகிறவள், உனக்குத் தெரியும். தூக்குச்சட்டியைக் கம்ப்யூட்டர் மேஜையில் டொக்கென்று வைத்தாள். "எவன்டா அவன் சசிதரன்? ஒடம்பு சரியில்லைன்னா டர்ன விட்டுக் குடுக்கலாம்னு உங்க சங்கத்துல இருக்கா இல்லையா?" இருக்கிறது என்றேன். ஆனால் அவரே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் வீட்டில் இருந்து ஆள் வந்து சொல்ல வேண்டும். அக்கம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். "நான்தான் அவுக வீட்டுக்காரி. சொல்றேன், கேட்டுக்கங்க. அவுகளுக்கு நேத்துல இருந்து காய்ச்சல். கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்காக. டர்ன விட்டுக் குடுத்துட்டாக. எடுங்கடா வண்டிய!" அப்புறம் பெண்கள் சிரித்தார்கள் பார், நூறு தூக்குச்சட்டியும் சேர்ந்து குலுங்கியது. உன் அப்பா சிரிக்கவில்லை, விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "வீட்ல இருந்து வந்து சொல்லியாச்சு. செல்லும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஸ்டாண்டு காலி. எட்டு மணி பேர் கூப்பிடுவதற்கு எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் கிடைத்தது. நீ சிரித்தாய். ஜெபாவின் கடைக்குப் போய் ஒன்பதாவது படியை அவள் திரையிலேயே படித்தேன். பிரிண்டர் தின்ற அந்த இரண்டு வரி அங்கே இருந்தது. 'இதை ஓட்டினால் மாதிரிக்காக ஒரு வண்டியும் ஓட்டுநரும் வருவார்கள். பார்த்துவிட்டு அழித்துவிடவும்.' எனக்கு உன் மேல் கோபமே இல்லை. மாதிரிக்கு ஒரு பேர் வைக்கும்போது கொஞ்சம் சாதாரண ஆளாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அழிக்கத்தான் போனேன். சங்கம் விடவில்லை. அம்மாவாசி அண்ணன் எழுந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இத்தனை வருசமா மொத டர்னுக்குத்தான சண்ட? இப்ப அது எவனுக்கும் இல்ல. ஒரு ஆஸ்பத்திரி அவசரம்னா அந்த டர்ன எடுத்துக்கலாம். மத்தபடி சசிதரன் அங்கனயே நிக்கட்டும்." எல்லாரும் சரி என்றார்கள். மனிதர் சண்டைக்கு வருவதில்லை, பீடி கேட்பதில்லை, கூட்டத்தில் குறுக்கே பேசுவதில்லை. தலைவர் பதவிக்கு இரண்டு வருஷமாக இரண்டு கோஷ்டியும் முட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். சென்ற ஞாயிற்றுக்கிழமை சசிதரனை ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டோம். ஸ்டாண்டு வாசலில் பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது, பத்தடிக்கு எட்டடி, நடுவில் அந்தச் சாம்பல் தலை, சுற்றிலும் எங்கள் எல்லார் முகமும். தினமும் காலையில் பெண்கள் அக்கம்மாளிடம், "வீட்டுக்காரர் எப்படி இருக்காக?" என்று கேட்கிறார்கள். அவளும் சளைக்காமல், "புருஷன் செத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சு எனக்கு ஒருத்தன் வாய்ச்சான், அவனும் வீட்டுப் பக்கம் வர மாட்டேங்குறான்" என்கிறாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. போன சனிக்கிழமை விடியலில் அக்கம்மாளின் பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது. உன் அப்பா அன்றைக்கு ஒன்பதாவது டர்ன். சசிதரன் டர்னை எடுத்து, அந்தப் பெண்ணைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யாரும் மறிக்கவில்லை, யாரும் முறைக்கவில்லை. முன்னால் நின்ற ஏழு வண்டியும் ஒதுங்கி வழிவிட்டது. பழைய நோட்டுக் காலமாக இருந்தால் அதற்கே அரை மணி நேரம் பஞ்சாயத்து நடந்திருக்கும். பெண் குழந்தை, சசிரேகா என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உன் அப்பா யார் யாரிடமோ, "எம் மக எழுதுன புரோகிராமுங்க, அதுனாலதான் நேரத்துக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கூடப் போன அக்கம்மாள் சொன்னாள். என்னிடம் மட்டும் "ஓடுச்சு, சரி" என்று அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். உன்னை வரச் சொல்லு என்ற வார்த்தை இன்னும் வரவில்லை.

அதனால் மாமன் சொல்வதைக் கேள். பந்தயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று அவசரப்பட்டு மூட்டை கட்டாதே. உன் அப்பா வாயால் வரட்டும், பொங்கல் வரை பொறுப்போம். இங்கே நீ இல்லாமலே எல்லாம் அழகாக ஓடுகிறது. கறுப்புத் திரையை மூடக் கூடாது என்றாய், அதன் மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன், தப்பில்லையே? பதினான்காவது படி மட்டும் பாக்கி. புரோகிராமுக்குள் போய் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் உடனே திரையிலும் மாறும் என்று எழுதியிருந்தாய். அதை நான் தொடவில்லை, யாரையும் தொடவும் விடவில்லை. அது நீ வந்து செய்ய வேண்டியது.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு மீட்டிங் போகாதே. உன் அத்தை இஞ்சி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், எட்டிப்பார்த்து ஆசீர்வாதம் சொல்லச் சொல்கிறாள். உன் கை தொட்டதெல்லாம் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆகட்டும், சிவப்பு எழுத்து உன் பக்கமே தலைகாட்டாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
வேல்பாண்டி,
செயலாளர்.
(தலைவர் சசிதரனுக்காகவும்.)

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை காலை: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எல்லாம் ஓடுகிறது என்று எழுதியதை அடித்துவிடு. எதுவும் ஓடவில்லை. உன் அப்பா இன்று விடியலில் எனக்கு முன்னால் வந்து, அலுவலகத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனியாகவே பதினான்காவது படியைச் செய்திருக்கிறார். உன் பக்கத்தில் யார் எழுதியது என்று எங்குமே இல்லையாம், அது என்ன நியாயம் என்று ஒரு வாரமாக மனசில் வைத்திருந்தாராம். அடியில் 'எழுதியது: க. அனுசுயா, கூடலூர்' என்று சேர்த்திருக்கிறார். இடம் நெருக்கடியாக இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த ஐந்தாறு வரிகளையும் சுத்தம் செய்துவிட்டார். இப்போது திரை முழுக்கச் சிவப்பு. டர்ன் போச்சு, தலைவர் போயே போய்விட்டார். எங்கள் இருபத்திரண்டு பேரும் பழையபடி வாசலில் கத்திக்கொண்டிருக்கிறோம், வாய் வலிக்கிறது, மனசுக்கு நன்றாக இருக்கிறது. நான் உன் அப்பாவிடம், "என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீக?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "எழுதுனவ வந்துதான மாப்ள சரி பண்ணணும்? வரச் சொல்லு. சாமான் செட்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லு. அவ புரோகிராம் இங்கன ஓடுச்சுல்ல, இங்கனயே இருந்து ஓட்டட்டும்."

தபாலை நம்பிக் காத்திருக்க முடியாது, ஜெபா இதைப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறாள். நாளை மறுநாள் கிளம்பி வா. பொங்கல் வரை பொறுக்கச் சொன்னதை மறந்துவிடு. கம்பம் பஸ் ஸ்டாண்டில் திங்கட்கிழமை காலை உன் அப்பாவே ஜீப்போடு நிற்பார். அன்று அவர் டர்னை விட்டு வருவதற்குத் தலைவரின் அனுமதி வேண்டுமே என்று விதியைக் காட்டினேன். அக்கம்மாள் போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சசிதரனுக்குப் பூரண சம்மதமாம்.